இடது முன்சக்கரம்

மட்டாஞ்சேரி,
ஜூலை 10, வியாழக்கிழமை.

வசந்திக்கு, உன் வீட்டுக்காரன் சுடலைமணி எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. நீ சுகமா இல்லையா என்பதெல்லாம் எனக்கு முன்னாலேயே வேறு ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மே மாதம் அங்கே குவைத்தில் உன் கையில் சூடான எண்ணெய் தெறித்து மூன்று விரல் கொப்பளித்ததை நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? முனீர் இக்காவின் பிக்கப் வண்டியை ஓட்டுகிற சுதர்ஷன் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரு கையில் சாயா கிளாஸ், இன்னொரு கையில் பருப்புவடை, மென்றுகொண்டே சொன்னான், அக்காவுக்குக் கை இப்போது பரவாயில்லையாம் என்று. எனக்குக் கை சுட்டதே தெரியாது. தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை அவனுடைய அக்கா ஸ்வர்ணலதாதான் கொண்டுவருகிறாள். லீவு முடிந்து சனிக்கிழமை நெடும்பாசேரியில் குவைத் விமானம் ஏறுகிறாள். ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட், மாங்காய் ஊறுகாய், தலைவலித் தைலம், உனக்குப் பிடித்த கறுப்பு ஹேர்பின் ஒரு அட்டை, எல்லாம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலை மூன்று கவரில் சுற்றியிருக்கிறேன். பார்த்துப் பிரி.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். அந்த வீட்டம்மா உன்னிடம் போனைக் கொடுப்பதே வெள்ளிக்கிழமை பத்து நிமிடம். அதில் பாதி சுபாஷிணிக்குப் போய்விடும். மீதியில் நான் சண்டைதான் போடுவேன், அது உனக்கும் தெரியும். காகிதத்தில் என்னால் கத்த முடியாது. நம் பெண்ணுக்கு மலையாளம்தான் ஓடும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் மேஜைமேல் திறந்து வைத்தே எழுதுகிறேன். அவள் இப்போது பிளஸ் டூ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். கவலைப்படாதே.

மழை விடாமல் அடிக்கிறது. பட்டறைக்குள் தண்ணீர் வந்து இறங்கியாயிற்று. வீட்டுக் கூரை அடுப்படிப் பக்கம் ஒழுகுகிறது, அதையும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். இதெல்லாம் செய்தி இல்லை. செய்தி வேறு. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சுதர்ஷன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். முனீர் இக்கா கடையிலிருந்து சுக்கும் ஜாதிக்காயும் ஏற்றிக்கொண்டு தினம் ஆலுவா போகிற வண்டி. காலையில் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆலுவா போய்ச் சேருவதற்குள் வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம், கருகல் வாடை வருகிறதாம், முன்சக்கரத்தில் கை வைக்க முடியவில்லையாம். அரைமணி நேரம் நிறுத்திவிட்டால் மறுபடி சரியாகிவிடுகிறதாம். ஒழுங்காகத்தான் சொன்னான். வண்டிக்கு என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று இத்தனை தெளிவாகச் சொல்கிற டிரைவர் இந்தச் சந்தில் வேறு யாரும் கிடையாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். இடது முன்சக்கரத்துப் பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. வலது பக்கத்துப் பேட் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பின்னால் இரண்டு டிரம்மும் சுத்தம். நான் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "வசந்தியக்கா அங்க இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் கொடுக்கப் போறாவளாமே, நீங்க சரின்னுட்டியளாண்ணே?"

வசந்தி, நீ என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே. ஓணத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சுபாஷிணிக்குக்கூடத் தெரியாமல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீ அங்கே பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஸ்வர்ணலதாவோடு நின்று பேசுவாய், அவள் தம்பிக்குப் போன் போட்டால் நீயும் ஸ்பீக்கரில் நாலு வார்த்தை பேசுவாய், இதெல்லாம் தெரிந்ததுதான். உன் ஊர்க்காரன், சங்கரன்கோவில் பையன், உன்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது, என்ன செய்ய? நான் உன்னோடு பேச வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். அவனுக்குத் தினமும் வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் முனீர் இக்கா வண்டியைப் பார்க்க வந்தார். என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்டார். நான் பேட்டை எடுத்துக் காட்டினேன். வாயில் வந்ததைச் சொன்னேன். டிரைவர் பிரேக் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறான், அதனால்தான் பேட் தேய்கிறது, சக்கரம் சுடுகிறது என்றேன். இனிமேலும் இப்படி ஓட்டினால் ஒருநாள் பிரேக்கே பிடிக்காமல் போகும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இதைப் படிக்கும்போது உனக்குப் புரியாமல் போகலாம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். பெடலில் கால் வைத்தால் பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும்தான் போகும். நாலும் சுட வேண்டும், நாலும் தேய வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்தில். பட்டறைக்கு நேற்று வந்து சேர்ந்தவனுக்கும் இது தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பிரேக் வேலை மட்டும் செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சுதர்ஷன் என்னைப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கும் அது தெரியுமே. "நான் கால் வைக்கிறதில்லண்ணே" என்று ஒருதடவை சொன்னான். அதற்குமேல் அவன் வாதாடவில்லை. முனீர் இக்கா எல்லார் முன்னாலும் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நாளை முதல் வரவேண்டாம் என்றுவிட்டார். அவன் வண்டியிலிருந்த தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று வழக்கத்தைவிட இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன். இனி உன் செய்தியை மென்றுகொண்டு வந்து சொல்ல ஆள் இருக்காது என்று நினைத்தேன். புதுப் பேட் மாட்டி, வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அனுப்பினேன். தெருமுனைவரை போனால் அது சரியாகத்தான் இருக்கும். சூடு ஏறவே அதற்கு நேரம் வேண்டும். ஆலுவாவரை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

புது டிரைவராக கோவிந்த் வந்தார். அறுபது வயது, எறும்புக்கும் வழிவிடுகிற ஆள். பிரேக் பெடலில் கால் வைப்பது இருக்கட்டும், ஆக்ஸிலேட்டரிலேயே யோசித்துத்தான் வைப்பார். போன செவ்வாய்க்கிழமை மழையில் வைட்டிலா ஜங்ஷன் தாண்டும்போது முன்னால் போன பஸ் நின்றது. இவர் பிரேக் மிதித்தார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே ஒரு ஸ்கூட்டர். ஒரு பொண்ணு ஓட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் யூனிஃபார்மில் ஒரு குழந்தை. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றதாம். சக்கரத்திலிருந்து புகை வந்ததாம். அந்தப் பொண்ணு ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அந்த ஒரு சாண் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, நான் பார்க்காமலேயே.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கோவிந்த் சேட்டன் சாயாகூடக் குடிக்கவில்லை. இந்த மனிதரையும் கால் வைத்து ஓட்டினார் என்று சொல்ல முடியுமா? மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு நான் தனியாக உட்கார்ந்தேன்.

சூடு ஆறுவதற்குள் தூக்கினேன். இடது முன்சக்கரம் கையால் சுற்றினால் அசையவில்லை, பிடித்துக்கொண்டு நின்றது. பெடலில் யாருடைய காலும் இல்லை. பேட்டை டிஸ்க்கோடு நெரிக்கிற காலிப்பருக்கு ஆயில் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸின் மேல்முனையில், இரும்புப் பைப் சேருகிற இடத்தை முதலில் லூசாக்கினேன். ஆயில் இரண்டு சொட்டு வந்தது. சக்கரம் அசையவில்லை. பிறகு கீழே காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீச்சிக்கொண்டு என் சட்டையில் அடித்தது. உடனே சக்கரம் லகுவாகச் சுற்றியது. காலிப்பரில் குறை இருந்தால் இப்படி விடாது. மேலே திறந்தபோது விடவில்லை, கீழே திறந்தபோது விட்டது. அப்படியென்றால் நடுவில் இருக்கிற ஒரு முழ ஹோஸில்தான் அடைப்பு.

வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றிக் கத்தியால் நீளவாட்டில் பிளந்தேன். உள்ரப்பர் ஒரு இடத்தில் கிழிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மிதித்தால் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். காலை எடுத்தால் அந்த நாக்கு வந்து வழியை மூடிக்கொள்ளும். போனது திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடும், சுடும், தேயும்.

கிழிந்த இடத்துக்கு நேர் வெளிப்பக்கம் பல் பதிந்த தடம் இருந்தது. துடைத்துவிட்டு விளக்கில் பார்த்தேன். வரிசையாக ஐந்து பல், பிறகு ஒரு காலி இடம், பிறகு மூன்று பல். என் லாக் பிளையரில் ஆறாவது பல் உடைந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தச் சந்தில் அப்படி ஒரு பிளையர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் இதே காலிப்பருக்கு நான் ரப்பர் மாற்றினேன். முனீர் இக்கா அவசரப்படுத்தினார். ஆயில் முழுக்க வடிந்தால் மறுபடி நிரப்பிக் காற்று எடுக்க ஒருமணி நேரம் ஆகும். அதனால் ஹோஸைப் பிளையரால் நெரித்துப் பிடித்துவிட்டு வேலையை முடித்தேன். எல்லாரும் செய்கிறதுதான். செய்யக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று நெரித்தது நான். நாலு மாதம் கழித்துச் சாவியைப் பறிகொடுத்தது சுதர்ஷன்.

புது ஹோஸ் மாட்டினேன். இந்தமுறை நானே ஓட்டிக்கொண்டு ஆலுவாவரை போய் வந்தேன். நாலு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தேன். நாலும் ஒரே சூடு.

நேற்று காலை முனீர் இக்காவின் கடைக்குப் போய், பிளந்த ஹோஸையும் பிளையரையும் அவர் மேஜையில் வைத்துச் சொன்னேன். தடத்தின்மேல் பிளையரை வைத்துக் காட்டினேன், பல் பல்லாகப் பொருந்தியது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்த ரப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னதுகொண்டல்லே மணி, நான் அந்தப் பையன்கிட்ட சாவி வாங்கினது. இனி நீ தன்னே போய் அவன்கிட்ட சொல்லு" என்றார். பையன் வந்தால் சாவி இங்கே இருக்கிறது என்று மேஜை டிராயரைத் திறந்து காட்டினார்.

போனேன், வசந்தி. தோப்பும்படியில் அவர்கள் இருக்கிற அந்த மாடி அறைக்கு. வாசலில் ஸ்வர்ணலதாவின் பெட்டி திறந்து கிடந்தது. சுதர்ஷன் பாயில் உட்கார்ந்து அக்காவின் பெட்டிக்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெடலில் கால் வைக்கவில்லை என்று தெரிந்தும் பழி சொன்னேன் என்பதையும் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டுவிட்டு, "வண்டி சரியாயிட்டுல்லா, அது போதும்ணே" என்றான். சாவி டிராயரில் இருக்கிறது என்றேன். ஏலூரில் ஒரு லாரிக்கு ஆள் கேட்டார்களாம், திங்கள்கிழமை முதல் அங்கே போகிறானாம். முனீர் இக்கா நல்லவர்தான், ஆனால் எல்லார் முன்னாலும் வாங்கிய சாவியை மறுபடி எப்படித் தொடுவது என்றான்.

ஸ்வர்ணலதாதான் விடவில்லை. அவளுக்கு ஏன் என்று புரிந்துவிட்டது. பெண்களுக்கு எப்படியோ புரிந்துவிடுகிறது. "வசந்தியக்கா சொன்னத இவன் உங்ககிட்ட சொன்னான்னுதான இத்தனையும்?" என்று நேராகவே கேட்டாள். "அக்கா மூணு வெள்ளிக்கிழமையா உங்ககிட்டதான் சொல்லப் பாத்தாவ. நீங்க எங்க சொல்லவிட்டிய?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒண்ணு சொல்லணும் என்று நீ ஆரம்பித்தாய். என்ன, வரவு தள்ளிப்போகுதா, அங்கே சுகம் கண்டாச்சா என்று கேட்டேன். அடுத்த வாரமும் ஆரம்பித்தாய். யார் சொல்லிக் கொடுத்தா என்றேன். மூன்றாவது வாரம் நீ சுபாஷிணியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். ஜாக்கி வைக்கிறதுக்கு முன்னாலேயே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிற மெக்கானிக்கைக் கண்டால் எனக்கு ஆகாது. உன் விஷயத்தில் நான் பதினெட்டு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

தையல் கடை வேலையை உன்னை விடச் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கட்டிங் மாஸ்டர் உன்னை மழையில் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுப் போனார். ஏன் என்று நீ சொல்லத் தொடங்கினாய். நான் கேட்கவே இல்லை, மறுநாள் போகாதே என்று சொல்லிவிட்டேன். நீயும் போகவில்லை. ஏன் ஆட்டோவில் வந்தாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்வர்ணலதா இன்னொன்றும் சொன்னாள். சொல்லவா வேண்டாமா என்று தம்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா அங்க நிம்மதியா தூங்குறாவ, அண்ணே." அவ்வளவுதான். கேட்டதும் எனக்குக் கோபம் வரும் என்று அவள் பயந்தாள். வரவில்லை.

அதற்கு முன்னால் அவள் போனில் ஒரு படம் காட்டினாள். நீ பார்த்துக்கொள்கிற அந்த வயசான அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், நீ பின்னால் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாய். தலையில் நீலத்துணி கட்டியிருக்கிறாய். அந்தத் துணியை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பையும் நான் பார்த்து நாளாயிற்று. அந்த அம்மாவைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது, தினமும் உன் கையால் சாப்பிடுகிறார். படம் எடுத்தவள்மேலும் பொறாமையாக இருந்தது. அதை எனக்கு அனுப்பு என்று நான் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் இந்த எரிச்சல் இறங்கிவிடும் என்று நினைத்தேன். பாதிதான் இறங்கியிருக்கிறது. சுதர்ஷன் நல்ல பையன். அவன் வேலையைக் கெடுத்தது நான். ஆனாலும் அவனை நினைத்தால் இன்றைக்கும் உள்ளே ஏதோ பிடித்துக்கொள்கிறது. இனி எனக்குப் பொறாமையே வராது என்று உனக்கு எழுதிக் கொடுத்தால் அது பொய். வந்தாலும் வாயைத் திறக்காமல் இருக்கப் பார்க்கிறேன் என்று வேண்டுமானால் எழுதலாம்.

நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்கு நீ கூப்பிடும்போது இந்தக் கடிதம் உன் கையில் இருக்காது. அதனால் நாளைக்கு மழையைப் பற்றியும் சுபாஷிணியின் படிப்பைப் பற்றியும் மட்டும் பேசுவேன். என்ன இன்றைக்கு மனுஷன் இத்தனை அமைதி, உடம்புக்கு என்ன என்று நீ நினைக்கலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பத்து நிமிடத்தையும் எனக்குக் கொடு. சுபாஷிணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மூன்று வாரமாகச் சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல். நடுவில் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சத்தம் கேட்கவில்லையே, போன் கட்டாகிவிட்டதோ என்று பயந்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்பாயோ, ஓணத்துக்கு வருகிறேன் என்பாயோ, வந்தாலும் இந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்பாயோ, எதுவானாலும் முழுசாகச் சொல்லி முடி.

அந்த இரண்டு வருஷக் காகிதத்தில் ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றாலும் நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அதை நீயே சொல், வசந்தி. இன்னொருவர் வாயிலிருந்து தெரிந்துகொண்டு, தெரிந்தவன் மாதிரி தலையாட்ட எனக்கு இனி முடியாது.

நீ எங்கே இருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கு.

உன்
சுடலைமணி